பட்டு மாமி கேட்டு வாங்கிய சேறு

கொல்கத்தாவில் சால்ட் லேக்கைத் தாண்டிக் கிழக்கே போனால் எங்கள் காம்ப்ளெக்ஸ். நாலு பிளாக். வங்காளிகள் பாதிக்கு மேல், அப்புறம் மார்வாடிகள், மிச்சம் தமிழர்கள் நாங்கள். லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறை தலைமுறையாக வாடகை வீட்டில் இருந்துவிட்டு, சொந்தச் சுவர் வேண்டுமென்று ஆசைப்பட்டு வந்தவர்கள். விற்றவன் எங்களுக்குக் குளத்தைக் காட்டினான், தென்னை வரிசையைக் காட்டினான், பின்பக்கத்துப் புல்வெளியைக் காட்டினான். புல்வெளியை ஒட்டிக் கழிவுநீர்த் தொட்டிகள் இருப்பதை மட்டும் காட்டவில்லை. குடிவந்து முதல் கோடைக்காற்று அடித்தபோது அதை எங்கள் மூக்கே கண்டுபிடித்துக்கொண்டது.

என் வீடு கீழ்த்தளம். ஜன்னலைத் திறந்தால் நேரே தொட்டிகள்தான். ஆகவே இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் காம்ப்ளெக்ஸில் கிடையாது.

தொட்டி விஷயம் ரொம்பச் சிக்கலானதில்லை. எல்லா வீட்டுச் சமையலறை, குளியலறை, கக்கூஸ் தண்ணீரும் முதல் தொட்டியில் வந்து விழும். அடுத்த பெரிய தொட்டியில் அடியிலிருந்து ராப்பகலாகக் காற்றை ஊதுவார்கள். அந்தக் காற்றில் பிழைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் அழுக்கைத் தின்னும். மூன்றாவதில் தண்ணீர் தெளிந்து மேலே நிற்கும். சேறு அடியில் தங்கும். தெளிந்தது செடிகளுக்குப் போகும். சேற்றை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். லாரி வரும் நாளில் நாங்கள் யாரும் ஜன்னலைத் திறக்கமாட்டோம், விருந்தாளிகளையும் கூப்பிடமாட்டோம். எங்கள் தொட்டியில் சேறு அநியாயத்துக்குச் சேர்ந்தது. கடுகெண்ணெய் வங்காளிகளுடையது, அரிசி களைந்த தண்ணீரும் தோசைமாவும் எங்களுடையது, நெய் மார்வாடிகளுடையது. தொட்டிக்கு எதுவுமே ஜீரணமாகவில்லை. வாரா வாரம் லாரி வந்தது. பொங்கலைப் புல்வெளியில் வைக்கமுடியாமல் மொட்டைமாடியில் வைத்தோம். அங்கே ஜனவரி மாசத்து வாடைக்காற்று கேஸ் அடுப்பை அணைத்து அணைத்து விளையாடியது.

இந்த நிலைமையில்தான் சுந்தரராஜன் மாமாவின் மருமகள் வித்யாலக்ஷ்மி வேலையை விட்டாள்.

சுந்தரராஜன் கப்பல் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பட்டு மாமி. ஒரே பிள்ளை ஸ்ரீநாத், செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும்; கோபம் வந்தால் வங்காளம் மட்டும்தான் வரும். வித்யா லேக் மார்க்கெட்டில் வளர்ந்த பெண், நுண்ணுயிரியல் படித்தவள். ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கழிவுநீர்த் தொட்டியில் போடும் பொடி ஒன்றுக்கு ஏஜென்சி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். எண்ணெயையும் மாவையும் தின்று செரிக்கும் ஜீவன்களைத் தூங்கவைத்துப் பொடியாக்கி வைத்திருக்கிறார்கள். சாயந்திரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்துப் பொடியைப் போட்டு, மீன்தொட்டிக் காற்றுக்குழாயை உள்ளே விட்டு வைத்தால் காலையில் எழுந்துகொண்டுவிடும். அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டவேண்டும். எங்களிடம் அப்போது சேறு குறையும், நாற்றம் குறையும் என்று மட்டும்தான் சொன்னாள்.

எங்கள் கமிட்டித் தலைவர் மஹாதேவன் துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். யாரையும் ஒரேயடியாக நம்பமாட்டார், ஒரேயடியாக விரட்டவும் மாட்டார்.

"இத பாரும்மா," என்றார். "பொங்கலுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை, எல்லாருமா புல்வெளியில பந்தி. மூக்கைப் பிடிச்சுக்காம சாப்பிட முடிஞ்சா உன் பொடி. முடியலேன்னா பழையபடி லாரி, புல்வெளியில சிமெண்ட் போட்டு காரை நிறுத்திக்கறோம்."

வித்யாவுக்கு நாங்கள்தான் முதல் வாடிக்கை. அன்றைக்குத் தோற்றால் வேறு எந்தக் காம்ப்ளெக்ஸ் வாசலிலும் அவள் போய் நிற்கமுடியாது. சொந்த மாமியார் வீட்டிலேயே எடுபடாத சரக்கை யார் வாங்குவார்கள்?

*

தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன் ரஞ்சன். சோனார்பூரிலிருந்து ரயிலில் வருவான். குளிர்காலம் வந்தால் குரங்குக்குல்லாயைக் கழற்றவே மாட்டான். அவன் பேசுவது வங்காளம். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். முதல் நாள் வித்யா டிரம்மில் வெல்லத்தைக் கரைத்தபோது அவனுக்கு மனசே ஆறவில்லை.

"தீதி, இதென்ன நொலேன் குர், குளிர்கால ஈச்ச வெல்லமா?"

"இல்லை ரஞ்சன்-தா, சாதாரண வெல்லம்."

"அப்பாடா. நல்ல குர் நமக்கே கிடைக்கவில்லை, இதுகளுக்குக் கொடுக்கிறீர்களோ என்று பயந்துவிட்டேன்."

பயந்தவன்தான் பிறகு அவளுக்கு வலதுகை ஆனான். தினம் காலையில் நீளக் கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு என் ஜன்னல் திட்டில் வைப்பான். அங்கேதான் வெயில் நேராக விழும். சேறு மெல்ல அடியில் இறங்கும். ஐப்பசியில் குவளையில் முக்கால்வாசி சேறாக இருந்தது. மார்கழி பிறக்கும்போது அது கால்வாசிக்கு வந்து, நிறமும் கருப்பிலிருந்து நல்ல பழுப்பாகிவிட்டது. வாரம் தவறாமல் வந்த லாரி மாதம் ஒருமுறை வந்தது. மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசனை வரத் தொடங்கியது. நான் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பேப்பர் படித்தேன். சந்தோஷமாக இருந்தது.

பட்டு மாமிக்கு மருமகளைப் பற்றி உள்ளூரப் பெருமை. ஆனால் வெளியே ஆச்சாரம். தொட்டிப் பக்கம் போய்விட்டு வந்தால் குளிக்காமல் சமையலறைப் பக்கம் வரக்கூடாது. வித்யா கொல்கத்தாக் குளிரில் தினம் இரண்டு குளியல் குளித்தாள்.

"ஆயுசு பூரா அந்தக் கன்றாவியைக் கிண்டிண்டே இருக்கணுமாடி நீ?" என்று கேட்பாள் மாமி, அவள் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே. "அந்தப் பொடிதான் என்ன? படிகாரமா?"

"ஒரு மாதிரி மருந்தும்மா."

அவள் மறைத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பரணில் பாக்கெட் பாக்கெட்டாக இருப்பது உயிருள்ள கிருமி என்று சொன்னால், மாமி பரணோடு சேர்த்து வீட்டையே கழுவிவிட்டுத்தான் அடுத்த வேளை அடுப்பு மூட்டுவாள். மருந்து என்றால் ஒன்றும் பேசமாட்டாள். பேசவுமில்லை. அதில்தான் வினை வந்தது.

*

போகி திங்கட்கிழமை வந்தது. ஆபீஸ் போகிறவர்களுக்குச் சௌகரியமாக முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையே வீடு சுத்தம் செய்வது எங்கள் வழக்கம். பழசை எரிக்கக்கூடாது, புகை ஆகாது என்று கமிட்டி தடை போட்டிருந்தது. அதைக் கேட்டு மாமி சளைக்கவில்லை.

"எரிக்கத்தானே கூடாது? அலம்பலாமோல்லியோ?" என்றாள்.

அன்றைக்கு வித்யா வீட்டில் இல்லை. சாந்த்ராகாச்சியில், ரயிலுக்குச் சாப்பாடு செய்து தரும் சமையற்கூடம் ஒன்றுக்குப் பொடியைப் பற்றிச் சொல்லப் போனவள், ராத்திரி லேக் மார்க்கெட்டில் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். ரஞ்சனுக்கும் ஞாயிறு விடுமுறை. மாமி நாலு பிளாக் பெண்களையும் புல்வெளியில் கூட்டினாள். தமிழில் பாதி, வங்காளத்தில் பாதி, கையால் மீதி என்று பேசினாள். என் ஜன்னலிலிருந்து எல்லாம் கேட்டது.

"எங்காத்துப் பொண்ணு குளிர்னு பாக்காம நம்ம எல்லாரோட அழுக்கையும் சுத்தம் பண்ணிண்டு கெடக்கறா. நாம என்ன பண்றோம்? அழுக்கை அப்படியே அனுப்பிடறோம். அடுத்த ஞாயிறு அவளுக்குப் பரீட்சை மாதிரி. இன்னிக்கு ஒருநாள் நாம சுத்தமா அனுப்புவோமே! பாத்ரூம், கக்கூஸ், அடுக்களைக் குழாய், ஒண்ணு விடாம ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு விடுங்கோ. ஜலம் அங்க போய்ச் சேர்றச்சேயே பளிங்கு மாதிரி இருக்கணும். பாதி வேலை அவளுக்குக் கொறையட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். மஹாதேவன் மனைவி அலமு மாமி கடைக்கு ஆளனுப்பி மூட்டையாகவே வரவழைத்தாள். மத்தியானத்துக்குள் காம்ப்ளெக்ஸ் முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. பினாயில் போதாதவர்கள் ஆசிட் ஊற்றினார்கள். இப்படி ஒரு ஒற்றுமையை நான் துர்கா பூஜையில்கூடப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் ரஞ்சன் என் ஜன்னல் திட்டில் குவளையை வைத்தான். பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் அடியில் இறங்கவில்லை. கழுநீர் மாதிரி வெள்ளையாகக் கலங்கி நின்றது. அதற்குள் பின்னால் சளசளவென்று சத்தம். பெரிய தொட்டியிலிருந்து வெள்ளை நுரை விளிம்பைத் தாண்டிப் புல்வெளிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஷொர்பொநாஷ்!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டான் ரஞ்சன். சர்வநாசம்தான். நுரையோடு பழைய நாற்றமும், தான் எங்கும் போய்விடவில்லை என்று சொல்வதுபோல எட்டிப் பார்த்தது.

வித்யா சாந்த்ராகாச்சி உற்சாகத்தோடு வந்து இறங்கினாள். தொட்டியைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே போட்டாள். குளிரா, பொடியில் கோளாறா, காற்று ஊதும் மெஷின் நின்றதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ப்ளீச்சிங் வாசனையும் அதற்குள் காற்றோடு போயிருந்தது; அதைச் சொல்லவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சாயந்திரம் வரை தொட்டி மேட்டிலேயே நின்றாள். மஹாதேவன் வாக்கிங் போகிறவர் நின்று, நுரையைப் பார்த்து, அவளைப் பார்த்து, புல்வெளியின் நீளத்தைக் காலால் அளந்துகொண்டே போனார். திட்டியிருந்தாலே தேவலை.

*

அன்றைக்கு வீட்டுக்குள் நடந்ததாகச் சுந்தரராஜன் மாமா எனக்குச் சொன்னது இது.

வித்யா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். போகிக்குப் போளி தட்டியிருந்தாள் மாமி. வித்யா தொடவில்லை. ஸ்ரீநாத் என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தான், இரண்டு பாஷையிலும்.

"ஒண்ணே ஒண்ணு சாப்பிடு," என்றாள் மாமி. "நாளைக்கு நாள் கிழமை. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. மனுஷா கையில என்ன இருக்கு? நானும் என்னால ஆனதைப் பண்ணித்தான் பாத்தேன்."

"நீங்க என்னம்மா பண்ணினேள்?"

"உனக்குச் சொல்லலாம்னே இருந்தேன்." மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நேத்திக்கு நாலு பிளாக்லயும் ப்ளீச்சிங் பவுடர் போடச் சொன்னேன். மூட்டைக் கணக்குல. ஒரு வீடு பாக்கி இல்லை. உனக்கு சுத்தமான ஜலமா வரட்டும்னு."

வித்யா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கத்தவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, அதெல்லாம் செத்துப் போயிடுத்தும்மா."

"எது செத்துப் போயிடுத்து?"

"பொடியில இருந்தது. தொட்டியில இருந்தது. அது மருந்து இல்லை. உசிர். கோடிக்கணக்கா உசிர். அதுகள்தான் அழுக்கைத் தின்னுண்டிருந்தது. ப்ளீச்சிங் பட்டா அதுகள் தாங்காது."

மாமி கையில் இருந்த நெய்க்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "உசிரா? நீ மருந்துன்னு சொன்னியேடி!"

"கிருமின்னு சொன்னா நீங்க ஆத்துல வைக்க விட்டிருப்பேளா?"

மாமி பரணை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மாமி வாய்விட்டு அழுதாள். தன்னால் மருமகள் தலைகுனிந்து நிற்கப்போகிறாள் என்பது ஒரு பக்கம். எறும்புக்குக்கூட அரிசிமாவில் கோலம் போடுகிற கை, கோடி ஜீவனைக் கொன்றது இன்னொரு பக்கம்.

"திருப்பிப் பொடியைப் போட்டா வராதாடி?"

"வரும். ஆனா இந்தக் குளிர்ல நாள் ஆகும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வராது. நன்னா ஓடற வேற தொட்டியிலேர்ந்து உசிரோட இருக்கற சேறைக் கொண்டுவந்து கலந்தா உண்டு. அதுமேல பொடியும் போட்டா சீக்கிரம் பிடிச்சுக்கும்."

"உறை குத்தறாப்பல."

"அதேதான்."

"அப்போ எங்கயாவது போய்க் கேளேன்."

"தூரத்துலேர்ந்து கொண்டுவர முடியாதும்மா. லாரியில காத்து இல்லாம மூச்சு முட்டிப் போயிடும். பக்கத்துல நன்னா ஓடறது ஒரே இடம்தான்." வித்யா தயங்கினாள். "பிரியம்வதா மாமி காம்ப்ளெக்ஸ்."

சுந்தரராஜன் மாமா இந்த இடத்தில் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாராம்.

பிரியம்வதா மாமி கதை இதுதான். எங்களுக்குப் பக்கத்து ரோட்டில் மத்திய சர்க்கார் குடியிருப்பு. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் அங்கே நிறைய. பிரியம்வதா அதன் செயலாளர். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. ஸ்ரீநாத் கல்யாணத்துக்கு வந்தவள், பந்தியில் உட்கார்ந்து, "சாம்பார்ல சர்க்கரை போட்டிருக்கா பாருங்கோ. பெங்காலி சாம்பார்!" என்று நாலு இலைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். மாமி சும்மா இருப்பாளா? "ட்ரான்ஸ்ஃபர்ல வந்தவா. போற எடத்துலல்லாம் நாக்கைத் தொலைச்சுட்டு வந்திருக்கா" என்று எட்டு இலைக்குக் கேட்கும்படி சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. லேக் மார்க்கெட்டில் ஒருத்தி வாழைத்தண்டு வாங்கினால் மற்றவள் எதிர்க்கடைக்குப் போவாள்.

"நான் ஃபோன் பண்ணிப் பாக்கறேன்," என்றாள் வித்யா.

"நீ பண்ணாதே. கொன்னவ நான்தானே," என்றாள் மாமி.

*

மறுநாள் பொங்கல். விடியும்போதே மூடுபனி, தென்னை மரங்களின் தலை தெரியவில்லை. வீட்டில் பால் பொங்கியதும், மாமி பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். பின்னாலேயே ரஞ்சன். எங்கள் லாரிக்காரனையும் எழுப்பி வரச்சொல்லியிருந்தார்கள். எனக்கும் பொழுது போகவேண்டுமே, நானும் போனேன்.

பிரியம்வதா மாமி கதவைத் திறந்தாள். கையில் கரண்டி.

"பால் பொங்கித்தா?" என்றாள் பட்டு மாமி. பொங்கலன்று விரோதியானாலும் அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"பொங்கித்து. உங்காத்துல?"

"ஆத்துலயும் பொங்கித்து. தொட்டியிலயும் பொங்கித்து. அதுக்குத்தான் வந்தேன்."

"உள்ள வாங்கோ. வாசல்ல நின்னுண்டு என்ன?"

"இல்லை, கேட்டுட்டு வரேன். எனக்கு உங்க கக்கூஸ் தொட்டிச் சேறு வேணும்."

பிரியம்வதா மாமியின் கரண்டி அப்படியே நின்றது. பட்டு மாமியின் புடவையைப் பார்த்தாள், குரங்குக்குல்லாய் ரஞ்சனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"நாள் கிழமையும் அதுவுமா என்ன கேக்கறேள் மாமி?"

"சொல்றேன். சிரிக்கப்படாது." மாமி ஒன்றையும் மறைக்கவில்லை. பொடி, போகி, ப்ளீச்சிங் மூட்டை, நுரை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். "அந்தக் கொழந்தை என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன். உங்க தொட்டிதான் நன்னா ஓடறதாம், வித்யா சொன்னா. நாலு டிரம் இல்லை, ஒரு லாரி வேணும்."

பிரியம்வதா மாமி சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். "சுத்தமா அனுப்பணும்னு ப்ளீச்சிங்கா!" என்று ஆரம்பித்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பட்டு மாமி முதலில் முறைத்தாள். பிறகு அவளுக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து ரஞ்சன் எனக்கருகில் வந்து, "அண்ணா, கிடைக்குமா கிடைக்காதா?" என்று கவலையோடு கேட்டான்.

"எடுத்துண்டு போங்கோ. நாங்க எப்படியும் வெளியில தள்றதுதான்," என்றாள் பிரியம்வதா மாமி. "ஆனா எங்காத்துப் பொங்கலைச் சாப்பிடாம போகப்படாது."

"குளிக்காம சாப்பிடமாட்டேன். தொட்டிப் பக்கம் போகணும். தூக்குல போட்டுக் குடுங்கோ."

லாரி சேற்றை உறிஞ்சியது. சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், காற்றில்லாமல் தாங்காது என்று வித்யா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். ரோட்டில் ஆட்டோ ஒன்றுகூட இல்லை. சங்கராந்திக்கு எல்லோரும் கங்காசாகர் ஸ்நானத்துக்கோ மாமனார் வீட்டுக்கோ போய்விட்டார்கள். மாமி ஒரு கணம் யோசித்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில் பொங்கல் தூக்கு, பக்கத்தில் ரஞ்சன், பின்னால் ஒரு லாரி சேறு. எனக்கு இடமில்லை, நடந்தேன்.

நாற்சந்தியில் போலீஸ்காரன் கையைக் காட்டி நிறுத்தினானாம். மாமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "உள்ளே உயிர் இருக்கிறது, மூச்சு முட்டுகிறது, விடு தம்பி!" என்று வங்காளத்தில் கத்தினாளாம். அவன் என்ன நினைத்தானோ, விசில் ஊதி வழிவிட்டான்.

தொட்டிக்கரையில் வித்யா காத்திருந்தாள். சேற்று லாரியின் முன்கதவு திறந்து பட்டுப்புடவை இறங்குவதைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"தொடாதேடி, குளிக்கலை," என்றாள் மாமி. ஆனால் விலகவில்லை.

*

அந்த வாரம் முழுக்க எங்கள் காம்ப்ளெக்ஸ் பத்தியம் இருந்தது. எண்ணெயைக் குழாயில் ஊற்றாதே, அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்று, பினாயிலைத் தொடாதே. மாமி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். வித்யா தினம் சாயந்திரம் டிரம்மில் பொடியை எழுப்பினாள், ரஞ்சன் காலையில் ஊற்றினான். புதன்கிழமை நுரை அடங்கியது. வெள்ளிக்கிழமை குவளையில் பழுப்பாகத் திரண்டு மெல்ல இறங்கத் தொடங்கியது. ரஞ்சன் அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறி மாமியிடமே காட்டப் போய்விட்டான். மாமி வாசற்படியிலேயே அவனை நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலுக்காமல் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். லேக் மார்க்கெட்டிலிருந்து சுந்தரராஜன் மாமா கரும்பும் மஞ்சள் கொத்தும் வாழையிலையும் டாக்சி நிறையக் கொண்டுவந்தார். புல்வெளியில் பெரிய வெண்கலப்பானை. வங்காளிப் பெண்கள் பாட்டிஷாப்டா, துத்புலி என்று சங்கராந்திப் பலகாரங்கள் கொண்டுவந்தார்கள். பிரியம்வதா மாமியும் வந்தாள். பந்தியில் வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், கொத்ஸு, வடை. தொட்டிச் சுவரை ஒட்டி உட்கார்ந்தவர்கள்கூட மூக்கைப் பிடிக்கவில்லை. நான் மூன்று முறை பொங்கல் வாங்கினேன்.

இலை எடுத்தபிறகு மஹாதேவன் எழுந்தார்.

"சேறு கொறைஞ்சிருக்கு. இன்னிக்கு நாத்தமும் இல்லை. ஒத்துக்கறேன்," என்றார், தமிழிலும் இங்கிலீஷிலும். "ஆனா போன திங்கட்கிழமை தொட்டி செத்தே போச்சு. எல்லாரும் பார்த்தோம். ஒரு குளிருக்குத் தாங்காத பொடியை எப்படி நம்பறது? வித்யா, நீயே சொல்லும்மா. திங்கட்கிழமை என்ன ஆச்சு?"

வித்யா எழுந்து நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொடிக்கு நல்ல பேர் வந்துவிடும். அவள் மாமியாரை ஒருமுறை பார்த்தாள்.

"என் பொறுப்பு சார்," என்றாள். "நான் எல்லார்கிட்டயும் முன்னாடியே சரியாச் சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். மஹாதேவன் உதட்டைப் பிதுக்கினார்.

பட்டு மாமி எழுந்தாள். எல்லோருக்கும் புரியட்டும் என்று வங்காளத்திலேயே சொன்னாள்.

"ஆமி மேரேச்சி." நான்தான் கொன்றேன். "பொடிமேல ஒரு குத்தமும் இல்லை. ப்ளீச்சிங் போடச் சொன்னது நான். அது உசிர்னு எனக்குத் தெரியாது. அவளுக்கு ஒத்தாசை பண்றதா நெனச்சுண்டு அவ கழுத்தை அறுத்தேன். சிமெண்ட் போடறதானா என்மேல போடுங்கோ, அவ வேலைமேல போடாதீங்கோ."

அப்போது தலைவருக்குப் பக்கத்திலிருந்தே ஒரு குரல் வந்தது.

"மூட்டை வாங்கினது நான்," என்றாள் அலமு மாமி. "நம்மாத்துல மட்டும் ரெண்டு வாளி."

மஹாதேவன் திடுக்கிட்டுத் திரும்பினார். அதற்குள் பின்வரிசையில் ஒரு வங்காளிப் பெண் கையைத் தூக்கி, "ஆமியோ," என்றாள். நானும்தான். அடுத்த பிளாக்கிலிருந்து இன்னொருத்தி, "ஆமியோ." மார்வாடிப் பெண்களும் முந்தானைக்குள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்கள். ஆமியோ, ஆமியோ என்று புல்வெளியைச் சுற்றி வந்து என்னிடம் நின்றது. நான் ஊற்றியது பினாயில்தான். ஆனாலும் கையைத் தூக்கினேன்.

மஹாதேவன் எல்லாக் கையையும் பார்த்தார். கடைசியில் தன் மனைவியின் கையைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கொலைகாராள் அத்தனை பேரும் இங்கதான் இருக்கா," என்றார். "இத்தனை பேர் சேர்ந்து கொன்னதை ஒருத்தி அஞ்சு நாள்ல பிழைக்க வெச்சிருக்கா. இதுக்கு மேல என்ன பரீட்சை? பொடி இருக்கட்டும். புல்வெளியும் இருக்கட்டும்."

ரஞ்சன் விசில் அடித்தான். ஸ்ரீநாத் வித்யாவைப் பார்த்துத் தமிழ், வங்காளம் எதுவும் வராமல் நின்றான். வித்யா அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பிரியம்வதா மாமி அவளிடம் வந்தாள்.

"எங்களுக்கும் உன் பொடி வேணும்மா. எங்க சேறும் கொறையட்டும். நாளைக்கு வந்து தொட்டியைப் பாக்கறியா?"

வித்யா வாயைத் திறப்பதற்குள் பட்டு மாமி நடுவில் புகுந்தாள்.

"வருவா, வராம என்ன? அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். உங்க காம்ப்ளெக்ஸ்ல பாத்ரூம் அலம்ப என்ன போடறேள்?"

"என்ன போடறது? ப்ளீச்சிங்தான், கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டும் கூடாது. அத்தனையும் உசிர், மாமி. கோடி உசிர்." மாமி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெண்கலப்பானையின் முன் நிறுத்தினாள். "இதைத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்கோ. போடமாட்டேன், யாரையும் போடவும் விடமாட்டேன்னு."

பிரியம்வதா மாமி சுற்றுமுற்றும் பார்த்தாள். பானை இன்னும் சூடாக இருந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு தொட்டு, சொன்னபடியே சத்தியம் செய்தாள்.

பட்டு மாமி மருமகள் பக்கம் திரும்பினாள்.

"இவாளுக்குக் குடுக்கலாம்டி," என்றாள்.